முதல் தடவ நாட்டுக்கோழி வளக்கப் போறீங்களா? கோழிக்கு முன்னாடி கூண்டப் பாருங்க

நாட்டுக்கோழி வளக்கலாம்னு ஆசை வந்ததும் எல்லாரும் முதல்ல கோழியத்தான் தேடுறாங்க. சந்தைக்குப் போயி நாலு பெட்டை ஒரு சேவல்னு கால கட்டி வண்டியில போட்டு கொண்டாந்துட்டு, பொழுது சாயும்போதுதான் இத எங்க அடைக்கிறதுன்னு யோசிக்கிறாங்க, மறுநாளே அவசர அவசரமா ரோட்டோரம் விக்கிற கூண்டுல பெயிண்ட் பளபளன்னு இருக்கிறதா பாத்து ஒண்ண வாங்கிடுறாங்க. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. கூண்டு முதல்ல, கோழி அப்புறம். இத நான் திண்டுக்கல், மதுரை, கரூர் பக்கம் மாதிரி வெயில் கடுமையா அடிக்கிற ஊருல, வீட்டுக்குப் பின்னாடியோ தோட்டத்துலயோ பத்து பதினஞ்சு கோழி வளக்க நினைக்கிறவங்கள மனசுல வச்சுத்தான் எழுதுறேன். இருநூறு கோழி வச்சு பண்ணை போடுறது வேற கணக்கு, அதுக்கு இது போதாது.

ஒண்ண மட்டும் முதல்லயே மனசுல ஏத்திக்கோங்க. மேச்சலுக்கு விடுற நாட்டுக்கோழிக்கு கூண்டுங்கிறது ராத்திரிக்குத்தான். பகல்ல அதுக்கு வேண்டியது மரநிழலும், கிளறதுக்கு மண்ணும், ஒளிஞ்சுக்க ஒரு புதரும். இருட்டுன பிறகு கோழிக்கு கண்ணு சரியாத் தெரியாது, அடைஞ்ச எடத்துலயே ஆடாம அசையாம உக்காந்திருக்கும், பக்கத்துல வந்து தூக்கிட்டுப் போனாக்கூட ஓடத் தெரியாது. அந்தப் பத்துப் பதினோரு மணி நேரம் அத பத்திரமா, காத்தோட்டமா, ஈரமில்லாம வச்சுக்கிறதுதான் கூண்டோட வேலை. ஒரு கூண்டப் பாக்கும்போது "பகல்ல எவ்ளோ அழகா இருக்கு"ன்னு பாக்காம, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு மரநாய் வந்து இத சுத்திச் சுத்தி வந்தா எங்க கைய வைக்கும்னு பாத்தீங்கன்னா, பாதிக் கூண்டு அங்கயே கழிஞ்சு போயிடும்.

எத்தன கோழின்னு முதல்ல முடிவு பண்ணுங்க. முதல் தடவைக்கு ஏழெட்டு பெட்டை, ஒரு சேவல் போதும். ஒரு சேவலுக்கு எட்டுல இருந்து பத்து பெட்டை வரைக்கும் சரியா இருக்கும், ரெண்டு சேவல் வச்சா, அதுவும் அசில் மாதிரி சண்டைக்கோழி ரகமா இருந்தா, ஒரே கூண்டுல அடைக்கவே முடியாது. ராத்திரி மட்டும் அடையிற கோழிக்கு ஒண்ணுக்கு ஒண்ணேகால், ஒன்றரை சதுர அடி கணக்கு வைங்க. அப்படிப் பாத்தா 4 அடிக்கு 3 அடி கூண்டு எட்டு ஒம்போது சிறுவிடைக் கோழிக்கு (உடம்பு சின்ன ரகம்) சரியா இருக்கும், பெரிய உடம்பு பெருவிடைன்னா ஆறு ஏழுதான். ஆனா விக்கிறவர் அதே கூண்டுக்கு "இருபது கோழி தாராளமா அடையும்ங்க"ம்பாரு. அடையும், பொய் இல்ல, ஆனா சித்திரை வெயில்ல அந்தக் கூண்டுக்குள்ள ராத்திரி முழுக்க இருபது உடம்புச் சூடு சேந்தா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க. அவர் சொல்ற எண்ணிக்கைய பாதியாக்கிக்கோங்க, அதுதான் உண்மையான கணக்கு.

இன்னொண்ணு, இன்னைக்கு எட்டு கோழி இருக்கிறது ஒரு வருஷத்துல எட்டாவே இருக்காது. ரெண்டு கோழி அடை உக்காந்து பத்து பத்து குஞ்சு பொரிச்சா அதுல பாதி தேறுனாலே எண்ணிக்கை ரெண்டு மடங்கு ஆயிடும். அதுக்காக முதல்லயே பெரிய கூண்டு வாங்கணும்னு இல்ல, பக்கத்துல இன்னொரு கூண்டு வைக்க எடம் விட்டு வைங்க, அது போதும். பெரிய கூண்டு ஒண்ண விட நடுத்தரமா ரெண்டு கூண்டு எப்பவும் நல்லது, ஏன்னா ஒரு கோழிக்கு சீக்கு வந்தா பிரிச்சு வைக்க எடம் இருக்கும். வேலை காரணமா, இல்ல நாய்த் தொல்லை காரணமா, பகல்லயும் அடைச்சுத்தான் வளக்கணும்னா கணக்கு மாறும், அப்ப உள்ள கோழிக்கு 4 சதுர அடி, அதோட ஒட்டி வலை போட்ட ஒரு முற்றம் கோழிக்கு குறைஞ்சது 10 சதுர அடின்னு வைங்க. எடம் கம்மியா இருந்தா கோழி ஒண்ணயொண்ணு கொத்த ஆரம்பிச்சிடும், முதுகுல றெக்கை இல்லாம ரத்தம் தெரியிற கோழிய பாத்தீங்கன்னா நெருக்கடி அதுக்கு ஒரு முக்கியக் காரணம்.

இப்ப எதிரிங்கள பத்திச் சொல்றேன், ஏன்னா கூண்டோட ஒவ்வொரு பாகமும் இவங்களுக்காகத்தான். கீரி பகல்லயே வரும், ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியானத்துல குஞ்சையும் முட்டையையும் எடுக்கும். மரநாயும் காட்டுப்பூனையும் ராத்திரி. மரநாய் மரம் ஏறும், கூரை ஏறும், ஓட்டத் தள்ளும். பெருச்சாளி தரைக்கடியில வளை தோண்டி உள்ள வந்து குஞ்சு தூக்கும். பாம்பு முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். தெருநாய் பலத்தால உடைக்கும், ஒரே ராத்திரியில எல்லாத்தையும் கடிச்சுப் போட்டுட்டுப் போயிடும். கூண்டுக்கு வெளிய பகல்ல பருந்தும் காக்காவும். கீரி, மரநாய், காட்டுப்பூனை எல்லாம் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது, பொறி வச்சுப் பிடிக்கிறதோ விஷம் வைக்கிறதோ சட்டப்படி குத்தம், அதோட விஷத்த உங்க கோழியும் நாயும்தான் முதல்ல தின்னும். அதுங்க அதுங்க பொழப்பப் பாக்குது, நாம நம்ம கூண்ட சரியா வச்சுக்கணும், அவ்ளோதான்.

அதனால வலைதான் முதல்ல பாக்க வேண்டியது. கடையில கோழி வலைன்னே சொல்லி விக்கிற அறுகோண வலை இருக்கு பாருங்க, மெலிசு கம்பிய முறுக்கிப் பின்னுனது, அது கோழி வெளிய போகாம இருக்கத்தான் ஆகும், நாய் உள்ள வராம இருக்க ஆகாது. ஒரு வளந்த நாய் பல்லால பிடிச்சு இழுத்தா பிரிஞ்சு வந்துடும். பிளாஸ்டிக் வலைய பெருச்சாளி கடிச்சே ஓட்டை போட்டுடும். கூண்டுக்கு வெல்ட் மெஷ்தான், அதாவது குறுக்கும் நெடுக்குமா கம்பி வச்சு சேர்ற எடமெல்லாம் வெல்டிங் பண்ணுன வலைதான் போடணும், கீழ இருந்து ரெண்டடி உயரம் வரைக்குமாவது அரை இஞ்ச் கண்ணு, அதுக்கு மேல ஒரு இஞ்ச் போட்டாலும் சமாளிக்கலாம். எல்லாமே அரை இஞ்ச் போட முடிஞ்சா ரொம்ப நல்லது, பாம்புக்கும் எலிக்கும் சேத்தே தீர்வு ஆயிடும். கடையில கேஜ் நம்பர் சொல்லுவாங்க, அதுல நம்பர் கூடக் கூட கம்பி மெலிசுங்கிறத ஞாபகம் வச்சுக்கோங்க, நிறைய பேரு நம்பர் பெருசா இருந்தா கம்பி தடிமன்னு நினைச்சு வாங்கிடுறாங்க. வாங்கும்போது கட்டைவிரலால ஒரு கம்பிய நல்லா அழுத்திப் பாருங்க, ஒட்டு விட்டு வந்துச்சுன்னா அந்த மெஷ் வேணாம். துத்தநாகம் பூசுன ஜிஐ மெஷ்ஷா பாத்து வாங்குங்க, கோழி எச்சம் பட்டுப் பட்டு சாதாக் கம்பி சீக்கிரமே துரு பிடிச்சு அந்த ஒட்டு எடத்துலதான் முதல்ல அத்துப் போகும்.

ரெடிமேட் கூண்டு பாக்கப் போறீங்கன்னா பகல் வெளிச்சத்துல போங்க, குனிஞ்சு உக்காந்து பாருங்க. மெஷ் சட்டத்துக்கு உள்பக்கமா ஒட்டியிருக்கா வெளிப்பக்கமான்னு பாருங்க, வெளிப்பக்கம் ஒட்டியிருந்தா நாய் தள்ளும்போது சட்டத்துமேல சாயும், தாங்கும், உள்பக்கம் வெறும் ரெண்டு மூணு எடத்துல பொட்டு வச்ச மாதிரி வெல்டிங் பண்ணியிருந்தா தள்ளுன வேகத்துல உள்ள விழுந்துடும். அப்புறம் கதவ மூடிட்டு கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல விரல விட்டுப் பாருங்க. ரெண்டு விரல் சேந்து போற சந்து இருந்தா சின்னக் கீரிக்கு, பெருச்சாளிக் குட்டிக்கு வழி இருக்குன்னு அர்த்தம். நிறைய கூண்டுல மெஷ் எல்லாம் நல்லா இருக்கும், கீழ எச்சம் விழுற தட்டு நுழையிற எடத்துல மட்டும் மூணு இஞ்ச் வாய் தொறந்தபடி கெடக்கும். அந்தத் தட்டுக்கு மேல ஒரு மெஷ் தளம் இருந்தா பரவாயில்ல, இல்லன்னா அது திறந்த வாசல்தான். தாழ்ப்பாளயும் பாருங்க. சும்மா சுத்துற கொக்கிய நாய் மூக்கால தட்டியே தொறந்துடும், இழுத்துப் போடுற தாழ்ப்பாளும் அதுல பூட்டு மாட்ட ஒரு ஓட்டையும் இருக்கணும். பூட்டு எதுக்குன்னா மனுசனுக்காக, தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா வந்தா கோழித் திருட்டு கூடும், இது எல்லா ஊருலயும் நடக்குறதுதான்.

அடுத்தது உங்க கை. கூண்டுக்கு வெளிய நின்னு கைய நீட்டுனா எல்லா மூலையும் எட்டணும். ஒரு சீக்குக் கோழியப் பிடிக்க, மூலையில இட்ட முட்டைய எடுக்க, ஒட்டிக் கெடக்குற எச்சத்தச் சுரண்ட, தினமும் உங்க கை போக வேண்டிய எடம் அது. மூணடி ஆழத்துக்கு மேல இருந்தா முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு பக்கமும் கதவு இருக்கணும், இல்லன்னா நீங்க நிமிந்து உள்ள போற உயரம் இருக்கணும். ரெண்டும் இல்லாத கூண்ட வாங்குனா முதல் மாசம் சுத்தம் பண்ணுவீங்க, ரெண்டாவது மாசம் வாரம் ஒரு தடவ ஆகும், அப்புறம் மூலையில எச்சம் குமிஞ்சு கெடக்கும், அங்கதான் சீக்கு ஆரம்பிக்குது.

காத்தோட்டத்துக்கு வருவோம், நம்ம ஊருல அதிகமா கோழியக் கொல்றது குளிர் இல்ல, வெக்கைதான். கோழி உடம்புச் சூடே 41 டிகிரி கிட்ட இருக்கும், அதுக்கு வேர்வைச் சுரப்பி கிடையாது, வாயத் தொறந்து மூச்சு இரைச்சுத்தான் சூட்ட வெளிய தள்ளும். ஏப்ரல் மே மாசத்துல தகர ஷீட்டு போட்ட அடைச்ச கூண்டுக்குள்ள சாயங்காலம் கைய விட்டுப் பாருங்க, வெளியில வெயில் தாழ்ந்த பிறகும் உள்ள அனல் அடிக்கும். அதனால நாலு பக்கமும் பலகையோ தகரமோ அடிச்சு மூடுன கூண்டு, பாக்க வீடு மாதிரி அழகா இருக்கிறதுன்னு சொல்லி விக்கிறது, அது குளிர் நாட்டுக்கு ஆகும், நமக்கு வேணவே வேணாம். கீழ ஒரு அடி, ஒன்றரை அடி மட்டும் மறைப்பு, அதுக்கு மேல ரெண்டு பக்கமாவது முழுசும் மெஷ், இதுதான் நமக்குச் சரி. கோழி உக்கார்ற உயரத்துக்கு மேல காத்து ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் போகணும். மழைக்கும் மார்கழிப் பனிக்கும் சாக்குப் படுதா கட்டி இறக்கிக்கலாம், அதுவும் மேல இருந்து கீழ வரைக்கும் மூடாம மேல ஒரு சாண் விட்டு கட்டுங்க. உள்ள கண்ணு எரியிற மாதிரி மூத்திர வாடை அடிச்சா அது அம்மோனியா, காத்து பத்தலைன்னு கூண்டே சொல்லுது, அதுக்குள்ள ராத்திரி முழுக்க மூச்சு விடுற கோழிக்கு சளி பிடிக்காம என்ன செய்யும்.

கூரைக்கு என்ன போடலாம்னு கேட்டா நான் தென்னங்கீத்துதான் முதல்ல சொல்லுவேன், பனையோலை கிடைச்சா இன்னும் நல்லது, ரெண்டுமே குளுகுளுன்னு இருக்கும். குறை என்னன்னா கீத்து ஒண்ணு ரெண்டு வருஷத்துல மாத்தணும், எலி கூடு கட்டும், எலி இருக்கிற எடத்துக்கு பாம்பு வரும். அதனால கீத்துக்கு அடியில மெஷ் அடிச்சிடுங்க. நாட்டு ஓடு, மங்களூர் ஓடு போட்டாலும் இதேதான், எங்க ஊருல ஒரு வீட்டுக் கொட்டாயில சுத்திலும் பக்காவா மெஷ் அடிச்சிருந்தாங்க, மரநாய் மேல ஏறி ரெண்டு ஓட்ட நகத்திட்டு இறங்கி மூணு கோழிய முடிச்சிடுச்சு. தகர ஷீட்டோ சிமெண்ட் ஷீட்டோதான் வசதின்னா, மேல வெள்ளைச் சுண்ணாம்பு ரெண்டு கோட்டு அடிச்சு, வெயில் மாசத்துல அதுக்கு மேல கீத்தோ சோளத்தட்டையோ பரப்பிக் கட்டிடுங்க, உள்ள சூடு நல்லாக் குறையும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்ட அறுக்கவோ உடைக்கவோ வேணாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கூரை சுவத்த விட்டு ரெண்டடி மூணடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும், இல்லன்னா ஐப்பசி கார்த்திகை மழைச் சாரல் நேரா உள்ள அடிக்கும். ஆடிக்காத்து பலமா அடிக்கிற பக்கம், கம்பம் தேனி, பொள்ளாச்சி, உடுமலை மாதிரி ஊருல இருக்கிறவங்க, ஷீட்ட வெறும் கல்ல வச்சு நிறுத்தாம ஜே போல்ட் (J எழுத்து மாதிரி வளைஞ்ச போல்ட்) போட்டு முறுக்கிடுங்க.

கூண்ட எங்க வைக்கிறதுங்கிறது கூண்டு வாங்குறத விட முக்கியம்னு கூட சொல்லலாம். நீளவாக்கு கிழக்கு மேற்கா இருக்கணும், அப்பத்தான் காலையிலயும் சாயங்காலமும் வெயில் குறுகுன பக்கத்துல மட்டும் படும், நீளமான ரெண்டு பக்கமும் நிழலா இருக்கும். வேம்பு, புங்கை நிழல் இருந்தா அதுக்கு ஈடே இல்ல. தென்னை மரத்தடியில மட்டும் வேணாம், ஒரு மட்டை விழுந்தாலே கூரை போச்சு, தேங்கா விழுந்தா சொல்லவே வேணாம். மரக்கிளை கூரையத் தொடுற மாதிரி இருந்தா வெட்டிவிடுங்க, மரநாய்க்கு அதுதான் பாதை. மழைத்தண்ணி தேங்காத மேட்டுப் பக்கமா, கிணத்துக்கும் போருக்கும் தள்ளி, அடுப்படிக்கு வாடை வராத தூரத்துல, ஆனா ராத்திரி கோழி கத்துனா படுத்திருக்கிற எடத்துக்கு காதுல விழுற தூரத்துல வைங்க. பக்கத்து வீட்டுச் சன்னலுக்கு நேரா வைக்காதீங்க, சேவல் நாலு மணிக்கே கூவும், கோழியால வர்ற சண்டை வரப்புச் சண்டைய விட நீண்டுகிட்டே போகும்.

தரை ரெண்டு வகைதான். ஒண்ணு மண்ணுலயே வைக்கிறது, இன்னொண்ணு கால் வச்சு உயத்துன பரண் மாதிரி. மண்ணுலன்னா தரைமட்டத்துல இருந்து ஒரு அடியாவது மேடு ஏத்தி, செங்கல்லோ பாவுகல்லோ பரப்பி, மேல சிமெண்ட் பூசிடுங்க, இல்லன்னா சுத்திலும் ஒரு அடி ஆழத்துக்கு மெஷ்ஷ புதைச்சு விடுங்க, பெருச்சாளிக்கும் நாய்க்கும் அப்பத்தான் தோண்ட முடியாது. அதுக்கு மேல நெல் உமியோ, கடலைத் தோலோ, தேங்காய் நார்த்தூளோ மூணு நாலு இஞ்ச் போட்டு வாரம் ரெண்டு தடவ கிளறி விடுங்க. ஈரமான எடத்த மட்டும் அள்ளிப் போட்டுட்டு புதுசு போடுங்க, ஈர உமியிலதான் குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் பரவுது. கைப்பிடி உமிய அள்ளி இறுக்கிப் பிடிங்க, கைய விட்டதும் உதிந்தா சரி, உருண்டையா நின்னா ஈரம் அதிகம். பழைய உமிய ஆற விட்டு மக்க வச்சு தென்னைக்குப் போடலாம், பச்சையா வேர்ல போட்டுடாதீங்க, சூடு.

பரண் வகைன்னா எச்சம் கீழ விழுந்துடும், சுத்தம் சுலபம், மழைக்காலத்துக்கும் நல்லது, பாம்பு எலித் தொல்லையும் கம்மி. கால் ஒன்றரை ரெண்டடி உயரம் வேணும், அதுக்குக் குறைஞ்சா அடியில கூட்ட முடியாது. ஆனா வெறும் கம்பி மேல கோழிய ராத்திரி முழுக்க நிக்க விடாதீங்க, உள்ளங்கால்ல புண்ணு வந்து வீங்கும், கண்டிப்பா உக்கார கட்டை வேணும். குஞ்சு இருந்தா ஒரு இஞ்ச் கண்ணுல கால் மாட்டிக்கும், சாக்கு விரிங்க. அடைக்கோழி இருக்கிற கூண்டுக்கு நாலு கால் கீழயும் தண்ணி ஊத்துன கிண்ணம் வைங்க, முட்டை உடைஞ்சு குஞ்சு மூக்கு நீட்டுற நேரத்துல எறும்பு மொய்ச்சா குஞ்சு செத்தே போயிடும், இது நிறைய பேருக்கு தெரியாமலே நடக்குது. நாமக்கல் பக்கம் முட்டைப் பண்ணையில இருக்கிற அடுக்குக் கூண்டு சில நேரம் பழசா மலிவா விலைக்கு வரும், அத நாட்டுக்கோழிக்கு வாங்காதீங்க, அதுல கோழி றெக்கைய விரிக்கவும் முடியாது, ஏறி உக்காரவும் முடியாது, மேஞ்சு பழகுன கோழி அதுல தவிச்சுப் போகும்.

கட்டைன்னு சொன்னேன்ல, அத பத்தி ரெண்டு வார்த்தை. கோழிக்கு ராத்திரி உயரத்துல ஏறி உக்காந்தாத்தான் தூக்கம். ரெண்டு இஞ்ச் அகலத்துல, மேல்பக்கம் மழுங்கச் செதுக்குன கட்டை, கோழிக்கு எட்டு இஞ்ச் நீளம் கணக்கு வச்சு, தரையில இருந்து ரெண்டடி உயரத்துல போடுங்க. இரும்புக் குழாய் வேணாம், வெயில்ல சூடு, பனியில குளிரு, வழுக்கவும் செய்யும். எல்லாக் கட்டையும் ஒரே உயரத்துல இருக்கட்டும். பொழுது சாயும்போது நின்னு பாத்தீங்கன்னா தெரியும், மூத்த பெட்டை முதல்ல ஏறி சுவரோரம் இருக்கிற நல்ல எடத்தப் பிடிக்கும், அடுத்தடுத்து ஏறுறது ஒவ்வொண்ணும் கொஞ்சம் கழுத்த நீட்டி கொத்து வாங்கிட்டு தள்ளித் தள்ளி உக்காரும், ஒரு கட்டை மட்டும் உசரமா இருந்தா அதுக்கு தினமும் அடிதடிதான். ரொம்ப உசரமா போட்டா கனமான கோழி குதிச்சு குதிச்சு கால் வீங்கிடும். முட்டையிட தனியா ஒரு இருட்டான மூலை, ஒரு அடிக்கு ஒரு அடி பெட்டி, நாலஞ்சு கோழிக்கு ஒண்ணு போதும், பழைய பிளாஸ்டிக் கூடையில வைக்கோல் போட்டாலும் சந்தோஷமா இடும். பெட்டி கட்டைய விட தாழ்வா இருக்கணும், இல்லன்னா பெட்டியிலேயே ராத்திரி அடைஞ்சு முட்டை எல்லாம் எச்சமாயிடும்.

மரமா இரும்பான்னு நிறைய பேரு கேக்குறாங்க. மூங்கிலும் மரமும் குளுமைதான், பாக்கவும் நல்லாருக்கும், ஆனா நான் இரும்புச் சட்டம்தான் எடுக்கச் சொல்லுவேன், காரணம் செல்லுங்கிற பொடிப்பொடி ரத்தம் குடிக்கிற பூச்சி. பகல்ல மரச்சந்துலயும் மூங்கில் கணு ஓட்டையிலயும் ஒளிஞ்சிருக்கும், ராத்திரி வெளிய வந்து கோழி ரத்தத்தக் குடிக்கும், விடியுறதுக்குள்ள திரும்பிப் போயிடும், பகல்ல கோழியப் பிடிச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது. கோழி இளைக்கும், கொண்டை வெளுக்கும், முட்டை நிக்கும், அடைக்கோழி அடைய விட்டே எந்திரிச்சுப் போயிடும். சந்தேகம் இருந்தா ராத்திரி எட்டு ஒம்போது மணிக்கு டார்ச் எடுத்துட்டுப் போங்க, ஒரு வெள்ளைத் துணியால கட்டையோட அடிப்பக்கத்தத் தொடைங்க, துணியில சின்னச் சின்ன ரத்தக் கறை தெரிஞ்சா செல்லு இருக்கு. இரும்புக் கூண்டுன்னா கோழிய வெளிய விட்டுட்டு தீப்பந்தத்தாலயோ கேஸ் கன்னாலயோ சந்து சந்தா சுட்டு எடுத்துடலாம், மரத்துக்கு சுண்ணாம்பும் வேப்பெண்ணெயும்தான் அடிக்கணும், திரும்பத் திரும்ப அடிக்கணும். நல்லா இருந்த கோழிங்க திடீர்னு கூண்டுக்குள்ள போக மாட்டேன்னு முருங்கை மரத்துல ஏறி அடைய ஆரம்பிச்சா அதட்டி விரட்டிப் பிடிச்சு அடைக்காதீங்க, முதல்ல கூண்டப் பாருங்க, ஒண்ணு உள்ள செல்லு இருக்கும், இல்ல வெக்கை, இல்ல முந்தின ராத்திரி ஏதோ வந்து பயமுறுத்தியிருக்கும்.

இதனாலதான் பழைய கூண்டு வாங்குறதுல ரொம்ப கவனமா இருக்கணும். கோழியே இல்லாத கூண்டுலயும் செல்லு மாசக்கணக்குல பட்டினி கிடந்து உயிரோட இருக்கும், ரத்தக் கழிச்சல் கிருமியும் அப்படித்தான். அவர் ஏன் விக்கிறாருன்னு கேளுங்க, "கோழி எல்லாம் செத்துப் போச்சு"ன்னா விலை எவ்ளோ மலிவா இருந்தாலும் விட்டுடுங்க. வாங்கியே ஆகணும்னா சோப்புத் தண்ணியால தேச்சு, நெருப்புக் காட்டி, சுண்ணாம்பு அடிச்சு, ரெண்டு மூணு வாரம் நல்ல வெயில்ல காலியாப் போட்டு வச்சு அப்புறம் கோழி விடுங்க.

கூண்டோட சேத்து ஒரு பஞ்சாரமும், அதாவது கோழிய கவுத்து மூடுற பின்னல் கூடையும், கட்டாயம் வாங்கிக்கோங்க. தாய்க்கோழியையும் குஞ்சையும் பகல்ல கவுத்து வைக்க, பருந்துகிட்ட இருந்து காப்பாத்த, புதுக்கோழியப் பிரிச்சு வைக்கன்னு அது ஒண்ணு ஆயிரம் வேலைக்கு ஆகும். ராத்திரிக்கு பஞ்சாரத்த மட்டும் நம்பி வெளிய விடாதீங்க, நாய் ஒரு தட்டு தட்டுனா உருண்டுடும், வீட்டுத் திண்ணையிலயோ பூட்டுன கொட்டாயிக்குள்ளயோ வச்சு மேல கல்லு வைங்க. பகல்ல குஞ்சு மேயிற எடத்துக்கு மேல பழைய மீன் வலைய இழுத்துக் கட்டுனா பருந்துத் தொல்லை விடும்.

கூண்டு வந்து எறங்கி, எடத்துல வச்சு, மட்டம் பாத்து, மெஷ் சந்தெல்லாம் கட்டுக்கம்பி போட்டு அடைச்சு முடிச்ச பிறகு கோழி வாங்கப் போங்க. ஒரே எடத்துல, ஒரே வயசுல, தெரிஞ்சவங்க வீட்டுல வாங்குறது நல்லது, சந்தையில பத்து ஊரு கோழி கலந்து நிக்கும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டிருக்கான்னு கேளுங்க, போடலைன்னா கால்நடை மருந்தகத்துல போயி கேட்டு போட்டுக்கோங்க, குஞ்சுக்கு ஏழாம் நாள் கிட்ட சொட்டு மருந்து, எட்டு வாரத்துல றெக்கைக்கு அடியில ஊசி. இந்த நோய் உள்ள வந்துட்டா எவ்ளோ நல்ல கூண்டா இருந்தாலும் ஒரு வாரத்துல காலி பண்ணிடும்.

கோழி வந்ததும் நாலஞ்சு நாள் கூண்டுக்குள்ளயே அடைச்சு வச்சு அங்கயே தீனி தண்ணி குடுங்க, அந்த நாட்கள்ல கூண்டுமேல நிழல் இருக்கணும். அஞ்சாறாவது நாள் பொழுது சாயிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கதவத் தொறந்து விடுங்க, ரொம்ப தூரம் போக நேரம் இருக்காது, இருட்டும்போது தானாவே திரும்பி வந்துடும். அப்ப கொஞ்சம் கம்போ உடைச்ச மக்காச்சோளமோ உள்ள போட்டு "பா பா"ன்னு ஒரே மாதிரி கூப்பிடுங்க. அடுத்தடுத்த நாள் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடியே தொறந்து விட்டு, ஒரு வாரம் கழிச்சு காலையிலேயே விடலாம். ஏற்கெனவே கோழி இருந்து புதுசா இன்னும் ரெண்டு சேக்குறீங்கன்னா அத ரெண்டு மூணு வாரம் தனியா பஞ்சாரத்துல வச்சுப் பாத்துட்டு, எச்சம் கெட்டியா, கண்ணு தெளிவா இருக்குன்னா ராத்திரி இருட்டுன பிறகு கொண்டு போயி கட்டையில ஏத்தி விட்டுடுங்க. ராத்திரி பூட்டும்போது தினமும் எண்ணிப் பாத்துட்டு பூட்டுங்க, ஒண்ணு குறைஞ்சா அன்னைக்கே வேலியோரம் புதருக்குள்ள டார்ச் அடிச்சுத் தேடுங்க, பெரும்பாலும் எங்கயாவது ரகசியமா முட்டை சேத்து வச்சு அடை உக்காந்திருக்கும்.